சோடியம் கேத்தோடு பூச்சு: முதல் தேர்வறிக்கைக்கு என் பதில்

சோடியம் மின்கலத்தின் கேத்தோடுக்கு (நேர்மின்முனைக்கு) ஒரு பூச்சு; அதற்கான காப்புரிமை விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் தேர்வறிக்கை வந்தது. ஆட்சேபனை எதிர்பார்த்ததுதான்: "லித்தியம் கேத்தோடில் பூச்சு பழைய சங்கதி, சோடியத்துக்கு மாற்றியதில் புத்தாக்கப் படி (துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புதுமை) இல்லை." பூச்சின் பெருமையைப் பேசிப் பயனில்லை. கேத்தோடுப் பொருளான சோடியம்–நிக்கல்–இரும்பு–மாங்கனீசு ஆக்சைடு ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடையும் கார்பனேட்டையும் மேற்பரப்பில் சேர்த்துக்கொள்ளும். இந்தக் காரத்தால், பிவிடிஎஃப் என்ற பிணைப்பான் கலந்த மின்முனைக் குழம்பு தயிராய் உறையும். அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் அந்தக் காரத்தையே தின்று பாஸ்பேட் பூச்சாகிறது. வாதத்தை இதன் மேல்தான் கட்டினேன்.

பூசாதது, பூசியது, பாஸ்பேட்டைச் சூடாக்காமல் வெறுமனே கலந்தது என மூன்று மாதிரிகளின் ஒப்பீடு கொடுத்தேன். மூன்றாவதைத்தான் பலர் விடுகிறார்கள். 'பாஸ்பேட் பூச்சு' என்ற அகலமான உரிமைக்கோரலை 5–15 நானோமீட்டர் தடிமனுள்ள பூச்சாகக் குறுக்கினேன். அந்த எண் விண்ணப்பத்தோடு கொடுத்த மூல விவரக்குறிப்பிலேயே இருந்தது. இல்லாவிட்டால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு திருத்தத்தை ஏற்காது. பதிலுக்குக் கெடு 6 மாதம். செல் சுழற்சிச் சோதனையே அதில் பாதியை விழுங்கும்.