நத்தாருக்குப் பார்த்த படத்தையே பார்ப்பது எப்படி

முதலில் ரிமோட்டைக் கீழே வையுங்கள். டிசம்பரில் குடும்பமாகக் கூடி உட்கார்ந்த பிறகு "என்ன படம் பார்ப்போம்?" என்று தேடத் தொடங்கினால் அரை மணித்தியாலம் போய்விடும். ஒருவர் தேத்தண்ணி போடக் குசினிக்கு எழும்புவார், இன்னொருவர் போனை எடுப்பார், அதோடு சரி. நத்தார்ப் பகிடிப் படங்களில் இந்தத் தொல்லை இல்லை. போன வருஷம் பார்த்ததுதான் இந்த வருஷமும்.

நாலு படம் போதும். எங்கள் ஸ்காபரோவில் (கனடாவில், டொரொண்டோ நகரின் ஒரு பகுதி) அந்த மாதம் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கிழமை லீவு. நேரம் கிடக்கிறது என்று பத்துப் படம் போட்டால் ஒன்றும் மனதில் ஒட்டாது. ஒரு படம் வருஷா வருஷம் வந்து வந்து, வசனம் பிள்ளைகளுக்குத் தானாகப் பாடமாக வேண்டும். அதற்குப் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தேர்வுக் குழுத் தலைவி என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் கடை கண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அவர் சிரிக்காத படம் அடுத்த வருஷம் வராது. நீங்களும் இப்படியே செய்யுங்கள்: வீட்டில் அந்த மொழி குறைவாகத் தெரிந்தவரையோ, ஆகச் சின்னப் பிள்ளையையோ நடுவராக வையுங்கள். வசனம் விளங்காமலே சிரிப்பு வருகிறதென்றால் அந்தப் படம் பல வருஷம் தாங்கும்.

அப்படித் தாங்குகிற படம் 'ஹோம் அலோன்'. 1990இல் வந்தது. ஜோன் ஹியூஸ் எழுதித் தயாரித்தார், கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். வீட்டை உடைக்க வரும் கள்ளர் இருவரும் படியில் வழுக்கி விழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் உட்காருவார்கள். ஆனால் திரும்பப் பார்ப்பவர்களுக்கு முதல் இருபது நிமிஷத்தில்தான் விருந்து. நத்தாருக்குப் பாரிஸ் போகிற குடும்பம், அத்தனை பேர் இருக்கிற வீட்டில் கெவின் என்ற பிள்ளையை எப்படி மறந்து போகிறது? பிட்சா சாப்பிடும்போது அண்ணனும் தம்பியும் சண்டை பிடிக்கிறார்கள். மேசையில் பால் கொட்டுகிறது. தகப்பன் அவசரம் அவசரமாகக் கடதாசித் துவாயால் துடைத்துக் குப்பைக்குள் போடுகிறார். அதோடு சேர்ந்து கெவினின் விமான டிக்கெட்டும் போகிறது. இரவு காற்றுக்கு மின்கம்பி அறுந்து மணிக்கூடு நின்றுவிடுகிறது, விடிய எல்லோரும் பிந்தித்தான் எழும்புகிறார்கள். வாசலில் தலை எண்ணும்போது, வான் வண்டிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். விமான நிலையத்தில் ஒரு டிக்கெட் மிஞ்சினால் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் அதுதான் குப்பையில் கிடக்கிறதே! இத்தனை ஓட்டையையும் ஒவ்வொன்றாக அடைத்து எழுதியிருக்கிறார் மனுஷன். முதல் தடவை பார்க்கிறவருக்கு இதில் பாதி தெரியாது.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குத் தேட ஒரு பொருள் கொடுங்கள். ஒரு வருஷம் அந்த டிக்கெட். அடுத்த வருஷம் நிறம்: சுவர்க் கடதாசி, திரைச்சீலை, போர்வை, உடுப்பு என்று அந்த வீடு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். இன்னொரு வருஷம், கெவின் போட்டுப் பார்க்கிற அந்தக் கறுப்பு வெள்ளைக் கேங்ஸ்டர் படம். அது பழைய படமே இல்லை, இந்தப் படத்துக்காகவே எடுத்த துண்டு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம், பாரிஸில் இருக்கும் குடும்பம் தொலைக்காட்சியில் பார்ப்பது என்ன படம் என்று கேளுங்கள். 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', பிரெஞ்சு பேசுகிறது. வந்தபோது பெரிதாக ஓடாத படம் அது. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் வருஷா வருஷம் நத்தாருக்குப் போட்டுப் போட்டே அதை வீட்டுப் படம் ஆக்கிவிட்டன.

என் அம்மா காத்திருப்பது கள்ளருக்காக இல்லை. பாரிஸ் விமான நிலையத்தில் அந்தத் தாய், வயதான ஒரு தம்பதியிடம் காசு, கைக்கடிகாரம், கடைசியில் காதில் கிடக்கும் தோடு வரைக்கும் தருகிறேன் என்று டிக்கெட்டுக்குக் கெஞ்சும் இடம் வரும். "விட்டிட்டுப் போகேக்கை தெரியேல்லை, இப்ப தோட்டைக் கழட்டுறாள்" என்று அம்மா வருஷா வருஷம் சொல்வார். பிள்ளைகள் இப்போது அந்த வசனத்துக்காகத்தான் படத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாய் இருக்கும், அதை அடக்காதீர்கள்.

ஆனால் ஒரு சட்டம் வேண்டும். நடிகர் சொல்வதற்கு முன் வசனத்தைச் சொல்லிவிடும் உரிமை ஆளுக்கு ஒரு தடவைதான். புதிதாக ஒருவர், புது மருமகனோ ஊரிலிருந்து வந்த மச்சானோ, உட்கார்ந்திருந்தால் அதுவும் கிடையாது. "இப்ப பார், இப்ப பார்" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பவரை எழுப்பி ரோல்ஸ் பொரிக்க அனுப்புங்கள்.

சரி, மற்றப் படங்கள். 'கிறிஸ்மஸ் வெக்கேஷன்' 1989இல் வந்தது, அதுவும் ஹியூஸ் எழுதியதுதான். வெளியே லைட் கட்டுகிற அன்றைக்கு இரவு பாருங்கள். குளிரில் ஏணியில் நின்றுவிட்டு வந்த ஆளுக்கு அது வேறு படமாகத் தெரியும். கதாநாயகன் செவி சேஸ் 25,000 பல்பு கட்டி, குடும்பத்தையே வாசலில் நிறுத்தி, பிளக்கைச் சொருகுவார். ஒன்றும் எரியாது. கடைசியில் பார்த்தால், உள்ளே ஒரு சுவிட்ச் போடாமல் கிடக்கும். போனஸ் வருமென்று நம்பியிருந்தவருக்குக் கம்பனி ஜெலிப் போத்தல் சந்தா அனுப்பும் இடத்தில் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பே வேறு. கெட்ட வார்த்தையும் கொஞ்சம் வயதுக்கு மிஞ்சிய பகிடியும் உண்டு. சின்னதுகள் படுத்த பிறகு போடுங்கள்.

சின்னதுகளுக்கு 'எல்ஃப்', 2003. வில் ஃபெரல் ஸ்பகெட்டிக்கு மேலே மேப்பிள் பாணியை ஊற்றுவார். உங்கள் பிள்ளையும் கேட்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள், அத்தோடு ஆசை அடங்கும். நத்தார் தாத்தாவின் குள்ளர்கள் நடுவில் அவர் பூதம் மாதிரித் தெரிவது பெரும்பாலும் கணினி வேலை இல்லை. கமராவுக்குக் கிட்ட சின்ன அளவில் ஒரு செட், தள்ளிப் பெரிய அளவில் இன்னொரு செட், இரண்டும் ஒரே அறை போலத் தெரியும்படி பொருத்திக் கண்ணைப் பேய்க்காட்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளையைப் போனுக்குக் கிட்ட நிறுத்துங்கள், மற்றதை அறையின் கடைசியில் விடுங்கள். தரை தெரியாமல் போனைப் பதித்துப் பிடித்தால் தம்பி அண்ணனை விடப் பெரிய ஆளாகிவிடுவான். ஒரு பின்னேரம் இதிலேயே கழியும்.

நாலாவது 'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி', 1983. கதை நடப்பது 1940 வாக்கில், அமெரிக்காவில் இண்டியானாவில். படம் பிடித்தது கிளீவ்லண்டிலும் எங்கள் டொரொண்டோவிலும். அமெரிக்காவில் ஒரு சனல் 1997இலிருந்து நத்தாருக்கு இதை 24 மணித்தியாலமும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பெயர் வாங்கியது. இதை முழுக்க உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. துண்டு துண்டான கதைதான். மாவு பிசைந்துகொண்டே பார்க்கலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஒன்று, பையன் கொடிக்கம்பத்தில் நாக்கை வைத்து ஒட்டிக்கொள்ளும் காட்சி. படத்தில் ஒட்டியது உறிஞ்சு குழாயால். உண்மையான உறைகுளிரில் இரும்பு நாக்கின் சூட்டை உடனே இழுத்துவிடும், எச்சில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைச் சொல்லிவைக்க வேண்டும்: பிடித்து இழுக்கக் கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். மற்றது, கடைசியில் வரும் சீன உணவகம். அங்கே வேலை செய்பவர்களின் ஆங்கில உச்சரிப்பைப் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. பக்கத்தில் என் அம்மா இருக்கிறார், அவருடைய ஆங்கிலத்துக்குக் கடையில் யாராவது அப்படிச் சிரித்தால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். காட்சியை ஓட்டித் தள்ளுவதை விட இது மேல்.

தொடர்ச்சிப் படங்கள் வேண்டுமா? 'ஹோம் அலோன்' இரண்டாவது, 1992, நியூ யோர்க்கில் நடப்பது, விட்டு விட்டுப் பார்க்கலாம். கெவினாக நடித்த கல்கின் இல்லாத மூன்றாவதிலிருந்து மேலே வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, இருட்டியவுடன் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். முதலில் சொன்ன நாலு படத்தில் ஒன்றும் இரண்டு மணித்தியாலத்தைத் தொடாது. ஏழுக்குள் முடிந்து சுடச்சுடப் புட்டோ இடியப்பமோ சாப்பிடலாம். கச்சானும் ரோல்ஸும் இடையில். ஸ்ட்ரீமிங்கை நம்ப வேண்டாம், போன வருஷம் இருந்த படம் இந்த வருஷம் வேறு இடத்துக்கு மாறி வாடகை கேட்கும். பழைய சாமான் கடையில் டிவிடி மலிவாகக் கிடைக்கும், நாலையும் வாங்கி வையுங்கள். பிளேயரை எறிந்துவிடாதீர்கள்.

பிறகு, 'டை ஹார்ட்' என்ற அடிதடிப் படம் நத்தார்ப் படமா இல்லையா என்ற சண்டை உங்கள் வீட்டிலும் வரும். கதை நத்தாருக்கு முதல் நாள் இரவு நடக்கிறது, அதனால் நத்தார்ப் படம்தான் என்பது எங்கள் வீட்டுக்காரரின் கட்சி. தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் படுத்த பிறகு அவரை பேஸ்மெண்டுக்கு அனுப்பி, சத்தத்தைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.