தவிட்டை அள்ளிக் கொட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்துக் கோடையில் குதிரைக்கு முதல் மருந்து தண்ணீர்தான். பெரிய குதிரை நாளுக்கு 25 லீற்றருக்கு மேல் குடிக்கும். வெக்கையில் இன்னும் கூடும். கிணறு உவரென்றால் நன்னீர் கொண்டுவந்து வையுங்கள். உலர்புல், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. மாட்டுக்கு வைப்பதுபோல் தவிட்டைக் கொட்டுவது எனக்கு அறவே பிடிக்காது: அதில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு, நாளடைவில் எலும்பு பலமிழந்து முகம் வீங்கிவிடும். மாரிச் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும், தினமும் சுத்தம் செய்யுங்கள். ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி ஆண்டுதோறும். விலாவைத் திரும்பிப் பார்த்து, காலால் நிலத்தைக் கிளறிப் புரண்டால் வயிற்றுவலி. தீனியை அகற்றிவிட்டு மிருக வைத்தியரை அழையுங்கள். நெடுந்தீவுக்காரர் குறிகட்டுவான் இறங்குதுறைப் படகுக்குக் காத்திராமல் தொலைபேசியிலேயே ஆலோசனை கேட்பது நல்லது.