இறந்தவர் வீட்டில் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசிக் காலத்தில் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று வீட்டாரிடம் கேட்டுவர எங்கள் பாலியேட்டிவ் குழுவில் (குணமாகாத நோயில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் குழு) புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். இறந்தவர் பெயரை மாற்றிச் சொல்வது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன்.

கோப்பில் பெயர் உள்ளவரிடம் மட்டும் கேட்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். கோப்பில் மூத்த மகன் பெயர் இருக்கும். அவர் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போனவர். துணி மாற்றியதும் ராத்திரி கண் விழித்ததும் மருமகளோ மனைவியோதான்.

ஒரு வீட்டில் மகன் எல்லாக் கேள்விக்கும் "குறையே இல்லைங்க" என்றார். 'வலி கட்டுப்பாட்டில் இருந்தது' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. கிளம்பும்போது மருமகள் வாசல்வரை வந்து சொன்னார்: "அத்தை கடைசி ரெண்டு ராத்திரியும் கத்திக்கிட்டே இருந்தாங்க. மார்ஃபின் மாத்திரை தீர்ந்துபோச்சு. யாருக்கு போன் பண்றதுன்னே தெரியலை." அவர் சொன்னது படிவத்தில் ஏறவில்லை. இப்படிப்பட்ட படிவங்களைக் கூட்டிப் பார்த்துத்தான், இரவில் போன் எடுக்க ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கப்புறம் வந்த நோயாளிகளுக்கும் இரவில் கூப்பிட ஆள் இல்லாமல் போனது.

அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் என்னும் கடைசிக்காலப் பராமரிப்பு பற்றி இறந்தவர் வீட்டாரிடம் 2015 முதல் நடக்கும் கணக்கெடுப்பில், நோயாளியின் பராமரிப்பில் நீங்கள் எவ்வளவு பங்கெடுத்தீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். பங்கே இல்லை என்பவரிடம் சிகிச்சை பற்றிக் கேட்பதில்லை. நாமும் "ராத்திரி கூடப் படுத்தது யாரு?" என்றுதான் தொடங்க வேண்டும். மருமகளிடம் பேசப் பெண் ஊழியர் போகட்டும், தனியாக. மாமனார் எதிரில் அவர் வாய் திறக்க மாட்டார்.

பார்த்துக்கொண்ட நர்ஸையே அனுப்புவது

கூடவே கூடாது. நன்றி மட்டும்தான் கிடைக்கும்.

"திருப்தியா இருந்துச்சா?"

"நல்லா பார்த்தாங்க" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் எப்படி, ஆஸ்பத்திரியில் எப்படி என்று பிரித்துக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை இறந்தவர்களின் வீட்டாரிடம் நடந்த வாய்சஸ் (VOICES) என்ற கணக்கெடுப்பு அப்படிக் கேட்டதால்தான், வலி நிவாரணம் வீட்டில்தான் மிகக் குறைவு என்பது தெரியவந்தது.

நாள் பார்க்காமல் போவது

கருமாதி முடிந்த சூட்டோடு வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு மாதமாவது விடுகிறார்கள், வாய்சஸில் நான்கு மாதமாவது விட்டார்கள். தலைத்திவசத்தை ஒட்டியும் போகாதீர்கள்.

அழும்போதும் அடுத்த கேள்விக்குப் போவது

படிவத்தை மூடிவிடுங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இன்னொரு நாள் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்கு மறுபடி போகக் கூடாது.