வேனில் கூடுதல் டீசல் டேங்க்: பொருத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

கூடுதல் டேங்க் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று எப்படி வரும், எஞ்சின் எரிக்காமல் திருப்பி அனுப்பும் டீசல் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் அரிது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் யோசிக்காததால் வந்தவை.

ஒரு வேனில் பம்பை இரண்டு முறை மாற்றியும் டீசல் ஏறவில்லை. கீழே படுத்துப் பார்த்தபோது, டேங்கின் தட்டையான பக்கம் யாரோ முழங்காலால் அழுத்தியதுபோல் உள்வாங்கியிருந்தது. காற்றுக் குழாயின் வாயில் விரல்நுனி அளவு சேறு காய்ந்து அடைத்திருந்தது, அவ்வளவுதான். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று சுவரை அமுக்குகிறது. 40 சென்டிமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் அளவுள்ள பக்கத்தில், உள்ளே அழுத்தம் 0.1 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு) குறைந்தாலே 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். ஆகவே காற்றுக் குழாய் டேங்கின் மூடியைவிட உயரமாக ஏறி, வாய் கீழ்நோக்கி வளைந்து, நுனியில் சிறு ஃபில்டருடன் முடிய வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வும் அதில் இருக்க வேண்டும்.

இதே கணக்கை மறந்து, கசிவு பார்க்கிறேன் என்று கம்ப்ரசர் காற்றை நேரடியாக டேங்குக்குள் விடுவது ஆபத்து. 2 பார் அழுத்தம் அதே சுவரை 6 டன்னுக்கு மேல் தள்ளும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, மிக மெல்லிய அழுத்தத்தில் சோதித்தாலே கசிவு தெரிந்துவிடும்.

அடுத்தது ரிட்டர்ன் லைன். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது உயரழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் எஞ்சினில், பம்ப் இழுக்கும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சியது சூடாக டேங்குக்குத் திரும்புகிறது. இரண்டு டேங்குகளுக்கும் நடுவே, எஞ்சினுக்குப் போகும் குழாயில் மட்டும் ஒரு திருப்பு வால்வை வைத்துவிட்டால் என்ன ஆகும்? இழுப்பது கூடுதல் டேங்கிலிருந்து, திரும்புவது பழைய டேங்குக்கு. அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால் டீசல் வழிந்து சாலையில் கொட்டும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது பனிக்கட்டிபோல் வழுக்கும். போகும் வழியையும் திரும்பும் வழியையும் சேர்த்தே மாற்றும் ஆறு துளை வால்வுதான் இதற்குச் சரி.

என்னைக் கேட்டால், எஞ்சினின் டீசல் குழாய்களைத் தொடாமல் இருப்பதே மேல். கூடுதல் டேங்கிலிருந்து ஒரு சிறு பம்ப் மூலம் பழைய டேங்குக்கு டீசலை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுதல் டேங்க் காலியானாலும் எஞ்சினுக்குள் காற்று போகாது. எஞ்சினின் உயரழுத்த பம்புக்கு டீசலே மசகு என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. மாற்றும் குழாயை டீசல் நிரப்பும் கழுத்துப் பகுதியில் இணையுங்கள். ரிட்டர்ன் லைனில் செருகினால் அதில் எதிர் அழுத்தம் உருவாகும். பழைய டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகே பம்பைப் போட வேண்டும். மறந்துவிடாமலிருக்க டைமரும், ஓட்டுநர் கண்ணில் படும் விளக்கும் வேண்டும். கூடுதல் டேங்க் உயரத்தில் இருந்தால் பம்பை நிறுத்திய பிறகும் டீசல் தானே இறங்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க மின் வால்வு ஒன்று அவசியம். பம்புக்கான ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

துத்தநாகம் பூசிய தகடு, செம்புக் குழாய், பித்தளை இணைப்பு ஆகியவை டீசலோடு ஒத்துப்போகாது. அவை டீசலைக் கெடுத்து, ஃபில்டரை அடைக்கும் பசையை உண்டாக்கும். தண்ணீர் ஹோஸ் ஊறி உப்பிவிடும். டீசலுக்கென்றே வரும் ஹோஸை வாங்குங்கள். புதிதாகச் செய்த டேங்கை உள்ளே கழுவாமல் பொருத்துவதும் பெரிய தவறு. அலுமினியத் துகளைக் காந்தம் பிடிக்காது. சுத்தமான டீசல் ஊற்றி, குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். துணியில் ஒரு மினுமினுப்புகூட இல்லாமல் போகும் வரை திரும்பச் செய்யுங்கள். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான்கள்தான்.

ஏற்கெனவே டீசல் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். டீசல்தானே என்று நினைப்பார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து வெடித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது.

80 லிட்டர் டீசல் ஏறத்தாழ 67 கிலோ. இந்த எடை பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரங்களின் பிடி குறையும். ஆக்சில்களுக்கு இடையே, சைலன்சரிலிருந்து விலகி, சேஸிஸ் சட்டத்தோடு ரப்பர் வைத்த பட்டைகளால் கட்டுங்கள். வளைவில் டீசல் ஒரே பக்கம் மோதாதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள்: வெப்பம் 25 டிகிரி ஏறினால் 80 லிட்டர் டீசல் சுமார் ஒன்றரை லிட்டர் விரியும்.

ஆய்வு அதிகாரியிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். முதல் தடவை 10 லிட்டர் மட்டும் ஊற்றி ஓட்டுங்கள். ஒரு இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பட்டைகளின் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். ரப்பர் அமுங்கி, அவை நிச்சயம் சற்றுத் தளர்ந்திருக்கும்.