எந்த பல்பை முதலில் மாற்றுவது?

எல்இடிக்கு மாறுகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லா பல்பையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். அதிக நேரம் எரிவதை முதலில் மாற்றுங்கள். பாலக்கோடு, காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் அது பெரும்பாலும் வாசல் விளக்கு அல்லது மாட்டுக் கொட்டகை விளக்குதான்.

60 வாட் குண்டு பல்பு தினமும் 12 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் சுமார் 43 யூனிட் அதற்கே போகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு ஆறரை யூனிட் போதும். குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வீணாகிறது. குளியலறை பல்பு ஒரு நாளில் அரை மணி எரிந்தாலே அதிகம். அது ஃபியூஸ் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல், அட்டையில் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்றும் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீடுகளுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம், பில்லில் வித்தியாசம் தெரியாது. அப்புறம், கோழிக்குஞ்சுக் கூண்டில் கதகதப்புக்காகப் போட்ட குண்டு பல்பை மட்டும் தொடாதீர்கள். எல்இடி அந்தச் சூட்டைத் தராது, குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும்.