ஒக்சிஜன் சென்சரை மாற்றுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் ஓடிய கார்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, அவற்றின் ஒக்சிஜன் சென்சர்களுக்கும்தான். புகையில் எவ்வளவு ஒக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சர். கிராண்ட்பாஸில் எங்கள் கராஜுக்கு வேலை பழக வரும் தம்பிமாரும், மலிவு ஸ்கேனரோடு வரும் கார்க்காரர்களும், நாங்கள் பழகிய நாளில் நடந்த அதே பிழைகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். சூடான சைலன்சரில் கை வைக்காதே என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பிழைக் கோட் விழுந்ததும் சென்சரை மாற்றுவது

ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் கோட் விழும். கலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று அர்த்தம். உடனே "சென்சர் பழசு, அதுதான்" என்று முடிவு கட்டி, அன்றே சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போய்விடுவார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. புகையில் ஒக்சிஜன் கூடியிருக்கிறது என்று அந்தச் சென்சர் சரியாகத்தான் சொல்லியிருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புதிதைப் போட்டாலும் அதுவும் அதையேதான் சொல்லும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அண்ணன் டொயோட்டா அக்ஸியோ ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் முன் சென்சரை, அதாவது புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதை, மாற்றியிருந்தார்கள். கொஞ்ச நாளில் செக் எஞ்சின் லைட் திரும்ப எரிய, சாமான் சரியில்லை என்று இன்னொன்றும் போட்டிருந்தார்கள். "ரெண்டும் ஜப்பான் ஒரிஜினல், தம்பி. பிறகு ஏன் எரியுது?" என்று கேட்டார். பார்த்தால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் ஒன்று விட்டுவிட்டு மிஸ் ஆகிக்கொண்டிருந்தது. எரியாத பெற்றோலும் ஒக்சிஜனும் சேர்ந்து புகைக்குழாய்க்குள் போகின்றன. சென்சருக்குத் தெரிவது ஒக்சிஜன் மட்டும். பெற்றோல் போதவில்லை என்று நினைத்து, கணினி இன்னும் ஊற்றுகிறது. அந்த மிச்சப் பெற்றோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருந்த பீங்கான் வலையை உருக்கிவிட்டது. ஒரு கொயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ரெண்டு சென்சரையும் கன்வெர்ட்டரையும் தாண்டிப் போனது.

ஆகவே முதலில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். பத்து வீதத்துக்கு உட்பட்ட கூடல் குறைவு பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல. ஐட்லில் மிகக் கூடி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், இன்டேக் பக்கம் எங்கேயோ காற்று புகுகிறது; ஹோஸ்களையும் கேஸ்கட்டையும் தேடுங்கள். வேகம் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான காற்றளவு சென்சர் பக்கம் போங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் அங்கே கேஸ்கட் ஒழுகலாம். அந்த வழியாகவும் வெளிக்காற்று சென்சரை ஏமாற்றும். பிளக்கும் கொயிலும் இதெல்லாம் பார்க்கும்போதே பார்க்க வேண்டியவை.

பி0420 விழுந்தால் பின்பக்கச் சென்சரை மாற்றுவது

இந்தக் கோட் கன்வெர்ட்டரைப் பற்றியது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சென்சரின் வோல்டேஜ் பெரிதாக ஆடாமல் நிற்கும். முன் சென்சரைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது, சென்சரில் பிழையில்லை.

ஆடவில்லை என்று ஏஎஃப் சென்சரைக் கழற்றுவது

சாதாரணச் சென்சர் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மேலும் கீழும் போய் வரும். பல டொயோட்டாக்களில் முன்னால் இருப்பது காற்று-பெற்றோல் விகிதத்தை அளக்கும் ஏஎஃப் சென்சர். அதன் கணக்கே வேறு, அப்படி ஆடாது. நல்ல சாமானைக் குப்பையில் போட வேண்டாம்.

கழற்றிய பழைய சென்சர் வாங்குவது

வேண்டாம்.

வயரை வெட்டி ஈயம் வைப்பது

பல சென்சர்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயருக்குள்ளால்தான் எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். பிளக்கோடு வரும் சரியான சாமானை வாங்குங்கள்.

கண்ட சிலிக்கோனைப் பூசுவது

சென்சருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்காத பசையின் ஆவி முனையைக் கெடுத்துவிடும்.

வயதை மட்டும் பார்ப்பது

ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றை வயர் சென்சர் ஏறக்குறைய 80,000 கிலோமீட்டர் போகும். ஹீட்டர் உள்ளது 160,000 வரை போகும். அதைத் தாண்டி, கிராஃபும் மந்தமாக ஏறி இறங்கினால், அல்லது சென்சர் மந்தம் என்று சொல்லும் பி0133 விழுந்தால், மாற்றுங்கள், யோசிக்கத் தேவையில்லை. பி0135 என்றால் பிழை ஹீட்டர் சர்க்கிட்டில்; முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் மீட்டரால் ஹீட்டரை அளந்து பாருங்கள். ஓபன், அதாவது உள்ளே அறுந்திருக்கிறது என்று காட்டினால் மாற்றத்தான் வேண்டும். முன்னது போய்விட்டது என்பதற்காகப் பின்னதையும் சேர்த்து மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

கழற்றும்போது அவசரப்படுவது

காலி வீதி உப்புக் காற்றில் ஓடிய கார்களில் மரை இறுகிப் பிடித்திருக்கும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சொக்கட்டால் திருப்புங்கள். மேனிஃபோல்டின் மரை உரிந்துவிட்டால் சென்சரைவிடச் செலவு.

புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் மாற்றுவது

ஸ்கேனரில் பிழைக் கோட்டை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். புதுச் சென்சரோடு கணினி ட்ரிம்மைத் திரும்பக் கற்க வேண்டும். டெஸ்டுக்குப் போகும்போது கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறியிருக்கட்டும்.