நண்பர்களோடு கோல்ஃப் பயணம்: பெங்களூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கோல்ஃப் ஆடும் தமிழ் நண்பர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாலு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கி ஆடுவது வழக்கம். ஏற்பாடு என் பொறுப்பு. முதல் முறை நான் கோர்ஸின் அழகை மட்டும்தான் பார்த்தேன். எங்களில் மூத்தவருக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கு ஏற்பக் கழித்துக் கொடுக்கும் அடிகள்) 26. ஒன்பதாவது ஹோல் முடிவதற்குள் எட்டுப் பந்துகள் தண்ணீரில் போய்விட்டன. "நீங்க ஆடுங்கப்பா, நான் பார்த்துக்கிட்டு வரேன்" என்று கார்ட்டில் உட்கார்ந்தவர், கடைசிவரை இறங்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வரவே இல்லை. அன்றிலிருந்து எந்த முடிவையும் அவரை மனதில் வைத்தே எடுக்கிறேன்.

எல்லோரும் பின் டீயிலிருந்து அடிப்பது

இதுதான் பெரிய தவறு என்பேன். டீ என்பது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்; பின்னால் போகப் போகத் தூரம் கூடும். ஊருக்குள் இருக்கும் பழைய கோர்ஸ்கள் வேறு மாதிரி. 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் சின்ன இடத்தில், மரங்களுக்கு நடுவே அடங்கியிருக்கிறது. அங்கே நேராக அடித்தால் போதும். புதிய ரிசார்ட் கோர்ஸ்களில் மண்ணை மேடாக்கி, ஏரி வெட்டி, வில்லாக்களுக்கும் ஹோட்டலுக்கும் நடுவே ஹோல்களைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். நந்தி மலை அடிவாரத்தில் உள்ள பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷையரை வடிவமைத்தவர் பி. பி. டை. தீவு கிரீனுக்குப் (சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த, குழி இருக்கும் புல்தரைக்கு) பேர்போன ஃபுளோரிடாவின் டிபிசி சாக்ராஸ் கோர்ஸை உருவாக்கிய பீட் டையின் மகன் அவர். தண்ணீரும் மணலும் மேடுபள்ளமான கிரீன்களும் அந்தக் குடும்பத்தின் கைவரிசை. இப்படிப்பட்ட கோர்ஸில் கொஞ்சம் தூரம் குறைந்தாலே பந்து தண்ணீருக்குள்தான்.

டீயைத் தேர்ந்தெடுக்க, அமெரிக்க கோல்ஃப் சங்கம் பரிந்துரைத்த ஒரு கணக்கு இருக்கிறது. டிரைவரில் (அதிக தூரம் அடிக்கும் மட்டையில்) 250 கெஜம் அடிப்பவருக்கு மொத்த நீளம் 6,200 முதல் 6,400 கெஜம்வரை உள்ள டீ. 225 அடிப்பவருக்கு 5,800 முதல் 6,000. 200 அடிப்பவருக்கு 5,200 முதல் 5,400. டிரைவர் தூரத்தைக் கேட்டால் நம்மில் பலர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அடித்த அடியைத்தான் சொல்வோம். ஆகையால், வழக்கமாகப் பத்து அடியில் ஆறு ஏழு எங்கே விழுகிறது என்று கேளுங்கள். ஒரே ஃபோர்பாலில் (நால்வர் குழுவில்) இரண்டு பேர் வெள்ளை டீயிலும் இரண்டு பேர் அதற்கு முன்னால் உள்ள டீயிலும் ஆடலாம். ஹேண்டிகேப் கணக்கு அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். இதை முதல்நாள் இரவு சாப்பாட்டு மேசையிலேயே பெயர் பெயராகச் சொல்லி முடித்துவிட வேண்டும். காலையில் டீ பாக்ஸில் நின்றுகொண்டு கேட்டால் யாரும் முன்னால் போக மாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து சுமார் 3 சதவீதம் கூடுதலாகப் போகும். சென்னை நந்தனம் கோர்ஸில் 150 கெஜம் போகும் அயர்ன் மட்டை அடி இங்கே 154, 155 போகும். கிரீனுக்குப் பின்னால் பங்கர் (மணல் குழி) இருந்தால் அந்த ஐந்து கெஜம் பெரிய விஷயம்.

ஸ்ட்ரோக் பிளே வைப்பது

ஒவ்வொரு அடியையும் எண்ணும் ஆட்டத்தை முன்பின் தெரியாத கோர்ஸில் வைத்தால், ஒரே ஹோலில் 11 அடித்தவருடைய நாள் அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932இல் ஒரு புள்ளி முறையை நடத்திக் காட்டியது இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான். ஹேண்டிகேப் கழித்தபின் பார் (அந்த ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்) எடுத்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால், அதாவது போகிக்கு, 1, ஓர் அடி குறைந்தால், அதாவது பேர்டிக்கு, 3. போகியைவிட மோசமானால் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடலாம். ஆட்டமும் வேகமாக நகரும், பின்னால் வரும் குழுவும் காத்திருக்காது. எங்கள் மூத்தவரைச் சமாதானப்படுத்தி மறுபடி அழைத்துவந்த ஆண்டில் ஸ்டேபிள்ஃபோர்ட்தான் வைத்தோம். நான்கு ஹோலில் பூஜ்யம் வாங்கியும் 31 புள்ளியோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

ஹேண்டிகேப் இண்டெக்ஸை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் ஸ்லோப் என்ற எண் உண்டு. சராசரி 113, கடினமானால் கூடும். உங்கள் இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுக்க வேண்டும். அதோடு கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகளுக்கும்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்லோப் 130 உள்ள டீயில், அந்த வித்தியாசம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், இண்டெக்ஸ் 8 உள்ளவருக்கு 9 ஆகும். 20 உள்ளவருக்கு 23 ஆகும். அதாவது இருவருக்கும் நடுவே 12ஆக இருந்த இடைவெளி 14 ஆகிறது. கடினமான கோர்ஸில் பலவீனமான ஆட்டக்காரருக்குத் தானாகவே கிடைக்க வேண்டிய உதவி இது. கணக்குப் போடச் சோம்பல்பட்டு அதை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான், முன்பு போல 5 கிடையாது. தேடியும் கிடைக்காவிட்டால் டீக்குத் திரும்பிப் போகாமல், இரண்டு அடி அபராதத்தோடு ஃபேர்வே (நடுவே வெட்டிவைத்த புல்பாதை) ஓரத்தில் பந்தைப் போட்டு ஆட அனுமதிக்கும் உள்ளூர் விதி ஒன்றும் இருக்கிறது. நண்பர்கள் ஆட்டத்துக்கு அது மிகவும் பொருத்தம். ஆடத் தொடங்குமுன்பே அறிவித்துவிடுங்கள்.

கடிகாரத்தையும் வானத்தையும் மறப்பது

ஒரு ஃபோர்பாலுக்கு ரிசார்ட் கோர்ஸில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட இடைவெளியில் நான்கு குழுக்கள், முதல் குழு 6:30க்குக் கிளம்பினால் கடைசிக் குழு 7 மணிக்குக் கிளம்பி நண்பகலில் வந்து சேரும். குளித்துச் சாப்பிட 1:30 ஆகிவிடும். டிசம்பரில் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது. ஒரே நாளில் 36 ஹோல் என்ற திட்டம் இங்கேயே உடைகிறது. மதியம் ஆசைப்படுகிறவர்கள் ஒன்பது ஹோல் ஸ்கிராம்பிள் (எல்லோரும் அடித்து, சிறந்த அடியிலிருந்து தொடரும் குழு ஆட்டம்) ஆடட்டும், மற்றவர்கள் தூங்கட்டும்.

இரண்டு கோர்ஸ் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் முதல்நாள் தேவனஹள்ளிப் பக்கம், மறுநாள் பிடதியில் ஈகிள்டன் என்று போடுபவர்கள் உண்டு. ஊரின் வடக்கிலிருந்து தென்மேற்குக்கு 70 கி.மீ.க்கு மேல், நடுவில் பெங்களூர் முழுவதும். சனிக்கிழமை மாலை அது பயணத்தின் பாதி உயிரை வாங்கிவிடும். ஒரே இடத்தில் இரண்டு முறை ஆடுங்கள் என்றுதான் சொல்வேன். முதல்நாள் ஏமாற்றிய கிரீன் மறுநாள் புரியும். அந்தச் சுகம் தனி. நந்திப் பக்கம் தங்காமல் ஊரிலிருந்தே காலையில் போவதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: வார இறுதியில் சூரிய உதயம் பார்க்கப் போகும் பைக்குகளும் கார்களும் விடிவதற்கு முன்பே அந்தச் சாலையை நிறைத்துவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் இடி மின்னல். நீளமாக ஒரே சைரன் ஒலித்தால் அடிக்க ஓங்கிய கையையும் இறக்கிவிட்டு கிளப் ஹவுஸுக்குப் போக வேண்டும். மரத்தடியும் கார்ட்டின் கூரையும் பாதுகாப்பல்ல. டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளிப் பக்கம் காலைப் பனிமூட்டம் இருக்கும். முதல் டீ டைமை 7:30க்குத் தள்ளினால் நல்லது.

கேட்காமல் பணம் கட்டுவது

ஒரு முறை பதினாறு பேருக்கும் முன்பணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால், கிரீன்களில் காற்றோட்டத்துக்காகத் துளை போட்டு மணல் தூவியிருந்தார்கள். புல் நன்றாக இருக்க அது அவசியமான வேலை, ஆனால் ஓரிரு வாரத்துக்குப் பந்து நேராக உருளாது. முன்பதிவில் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது முதல் கேள்வியே அதுதான். அடுத்து, மழை பெய்தால் கார்ட் பாதையை விட்டு இறங்க விடுவார்களா என்று கேட்பேன். விடாவிட்டால் ஒவ்வொரு பந்துக்கும் நடக்க வேண்டும், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது பெரிய தண்டனை. கிரீன் ஃபீயில் (ஆட்டக் கட்டணத்தில்) கார்ட்டும் கேடியும் (பை தூக்கி வரும் உதவியாளர்) பயிற்சிக்கான ரேஞ்ச் பந்தும் அடங்குமா, ஜிஎஸ்டி தனியா, மழையால் நின்றால் பணம் திரும்புமா, வேறு நாள் கொடுப்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை ஒரு மாதம் முன்பே எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் யார் தாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

கேடிகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெங்களூரில் தமிழ் பேசும் கேடிகள் நிறைய பேர். புதிய கோர்ஸில் கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கையில் ரொக்கம் இல்லை என்று பதினெட்டாவது கிரீனில் பதினாறு பேரும் பையைத் தடவுவது அவர்களுடைய ஐந்து மணி நேர உழைப்புக்கு அழகல்ல. நான் உறைகளில் போட்டுத் தயாராக வைத்திருப்பேன்.

காலர் வைத்த டி-ஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம், மென்மையான ஸ்பைக் உள்ள ஷூ, ஆளுக்கு ஒரு டஜன் பந்து. இதை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாகப் போட்டால் போதும். விமானத்தில் வருபவர்கள் மட்டும் எடையைக் கவனிக்கட்டும். உள்நாட்டு விமானங்களில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவை கோல்ஃப் பையே தின்றுவிடும், துணிக்கு இடம் இருக்காது. கூடுதல் எடையை முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

ஞாயிறு காலை ஆடிவிட்டு இரண்டு மணி விமானத்தைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதினைந்தாவது ஹோலிலிருந்தே அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார், கூட ஆடும் மூவரும் அவசரப்படுவார்கள். எங்கள் சென்னை நண்பர்களுக்கு மாலை ஆறுக்குமேல்தான் டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன். இரண்டு அறைகளை மட்டும் மதியம் மூன்றுவரை வைத்துக்கொள்ள முன்பே கேட்டுவிடுவேன். அங்கே எல்லோரும் முறைவைத்துக் குளித்துவிட்டு, ஒன்றாகச் சாப்பிட உட்காருவோம்.